எல்க் மானுக்கு எடுத்த குண்டு

ஷார்ஜாவில் வேட்டைச் சாமான் கடையில் வேலை பார்க்கிறேன். கூடாரம், பூட்ஸ், பைனாகுலர், பூட்டிய அலமாரிக்குள் தோட்டாப் பெட்டிகள். நான் ஒருநாளும் துப்பாக்கி சுட்டதில்லை. வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம்.

வாடிக்கையாக வரும் அரபி ஒருவர், என் வயதுக்காரர், கஜகஸ்தானுக்கு எல்க் மான் வேட்டைக்குப் புறப்பட்டார். குதிரை உயரம் நிற்கும் மான் அது. நடக்கச் சிரமப்படும் தகப்பனாரையும் கூட்டிப்போகிறார். இன்னொரு பயணம் பெரியவரால் முடியாது. தான் வேட்டையாடிய கறியை வாப்பா ஒரு வாயாவது சாப்பிட வேண்டும் என்பதுதான் மகனின் ஆசை. பெரியவரோ, உயிர் இருக்கும்போதே அறுக்காத கறியைத் தொடமாட்டார். இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லிச் சுட்டால் போதும் என்று சொல்லும், மார்க்கம் படித்த ஆலிம்கள் உண்டு; மகன் அவர்கள் பக்கம். ஆனால் சின்ன வயதில் மதரஸாவில் நான் ஓதியதும் பெரியவர் சொன்னபடிதான்.

அவ்வளவு பெரிய மிருகத்துக்கு, உள்ளே போய் விரிகிற கனமான குண்டுதான் சரி. சீக்கிரம் சாய்த்துவிடும். அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் விரியாத குண்டை எடுக்கச் சொன்னார். சின்னத் துளை போட்டு மறுபக்கம் போய்விடும், உடனே சாகாது, தேடிப்போய் அறுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

"நீ தொழுகிற ஆள், பாய். நீயே சொல்லு, இதுல தப்பு இருக்கா?" என்று இந்தியில் கேட்டார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

முவைலா பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். பெரியவரின் ஈமானை, அந்த மார்க்க உறுதியைப் பற்றியே நான் பேசிக்கொண்டிருந்தேன். குண்டு பட்ட மான் எவ்வளவு தூரம் ஓடும் என்று அவள் கேட்டாள். மலைக்காடு, சில நேரம் கிடைக்காமலே போகும் என்றேன்.

"பக்ரீத் குர்பானி ஆட்டுக்கு முன்னாடி கத்தியத் தீட்டக்கூடாதுன்னு புள்ளைங்கள அதட்டுவீங்க, ஆடு பயப்படுமாம். இங்க என்னடான்னா, அறுக்கத் தோதா துடிக்க விடலாமான்னு யோசிக்கிறீங்க."

மறுநாள் அவர் வந்ததும் விரிகிற குண்டுப் பெட்டியை எடுத்து வைத்தேன். பிஸ்மி சொல்லிச் சுடுங்கள், உயிரோடு கிடைத்தால் அறுங்கள், இல்லையென்றால் வாப்பாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"அப்போ அவர் சாப்பிடமாட்டாரே."

மாட்டார்தான் என்றேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு "கலாஸ்", முடிந்தது என்று எடுத்துக்கொண்டார்.

அன்று சூரியன் சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டு அவருக்காக துஆ செய்யக் கையேந்தினேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. மான் கொஞ்ச நேரம் உயிரோடு கிடக்கட்டும் என்றா கேட்பது? வாப்பா, மகன் இருவர் மனதையும் நீ பார்த்துக்கொள் ரப்பே என்று மட்டும் கேட்டேன்.

ஊர் திரும்பியதும் அவராகவே கடைக்கு வந்து சொன்னார். ஒரே குண்டு. கிட்டே போனபோது உயிர் இல்லை. வாப்பாவிடம் அப்படியே சொல்லிவிட்டார். கூட வந்தவர்கள் கறி சாப்பிட, பெரியவர் ரொட்டியும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டாராம். மகனும் ரொட்டியிலேயே கை வைத்ததைப் பார்த்துவிட்டு, மான் துடித்ததா என்று பெரியவர் கேட்டிருக்கிறார். இல்லை என்றதும், கறித்தட்டை மகன் பக்கம் நகர்த்திச் சொன்னாராம்:

"அல்ஹம்துலில்லாஹ். உன் ஆலிம் சொன்னபடி நீ சாப்பிடு."