தொண்ணூற்றாறு படிக்குக் கீழே

நம்புகிறவர் நம்பட்டும். சௌடேஸ்வரி அம்மன் மேல் ஆணை, இது எனக்கே நடந்தது. 1971, சித்திரை மாதம், பட்டப்பகல். பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று எவன் சொன்னானோ!

நான் திம்மையா. அருப்புக்கோட்டையில் தறி நெய்கிறவன். கண்மாய் நிறைந்தாலே கூடிநின்று வேடிக்கை பார்க்கிற ஊர் எங்களுடையது. கடலோரத்தில் ஒரு பழைய கலங்கரை விளக்கத்துக்குத் திரைத்துணி கேட்டிருந்தார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன். வந்தது வந்தோம் என்று மேலேயும் ஏறினேன். இரும்புக் கதவிலிருந்தே படிகளை எண்ணினேன். இழை எண்ணிப் பிழைக்கிற புத்தி எங்கே போகும்? தொண்ணூற்றாறு.

விளக்குக்காரர் தங்கசாமி எல்லாவற்றையும் காட்டினார். ஆள் உயரக் கண்ணாடிக் கூண்டு. ஒற்றை விரலால் தள்ளினார், சுற்றியது.

“இம்புட்டுக் கனமும் பாதரசத்துல மெதக்குது தம்பி. பகல்ல திரை போட்டு மூடலைன்னா வெயிலு குவிஞ்சு தீப்புடிச்சுரும்.”

“செவரு எம்புட்டு தடிமன்ணே?”

“அடியில ஆறடி. கீழ போகப்போக உள்ள எடம் சுருங்கும். எந்த அலைக்கும் அசையாது.”

ஐந்து மணிக்குப் பஸ். அவர் திரை கட்டிக்கொண்டிருந்தார். “வாரேன்ணே” என்று சொல்லிவிட்டு நான் மட்டும் இறங்கினேன். கடிகாரம் பார்த்தேன். 4.20.

எண்ணிக்கொண்டே வந்தேன். தொண்ணூற்று நாலு... ஐந்து... ஆறு...

கதவைக் காணோம்.

கணக்குத் தப்பிவிட்டதா? எனக்கா? வீம்பு விடவில்லை. இன்னும் இறங்கினேன். வெளிச்சம் போய்விட்டது. இரண்டு தோளும் சுவரில் உரசின. படி ஈரமாக இருந்தது. நூற்றுப் பத்து...

நூற்றுப் பதினைந்தில் கை முட்டியது. கதவுதான். ஆனால் மரக்கதவு.

தள்ளினேன். அசையவில்லை.

சளக்... சளக்...

கணுக்காலில் தண்ணீர். முழங்காலில் தண்ணீர். ஐயோ, என் பிள்ளைகளை இனிப் பார்க்கவே மாட்டேனா? வாய்விட்டு அழுதேன்.

என் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை. ஈரக் கை.

“சேந்து தள்ளுண்ணே...”

காதோரமாகக் கேட்டது.

“விட்டுட்டுப் போயிராத...”

ஓடினேன்.

விழுந்தேன். தவழ்ந்தேன்.

வெளிச்சம்...

இரும்புக் கதவு திறந்தே கிடந்தது. திரும்பிப் பார்த்தேன். கீழே படியே இல்லை. வெறும் சிமெண்டுத் தரை. மணி 4.22. என் வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது.

தங்கசாமி இறங்கி வந்தார். நடந்ததைச் சொன்னேன். கதவையும் தண்ணீரையும் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார்.

“அடியில இன்னும் பத்தொம்பது படி இருந்துச்சு தம்பி. அறுபத்து நாலு புயல்ல கடல் உள்ள வந்துருச்சு. பெறகு கல்லும் சுண்ணாம்பும் கொட்டி மூடிட்டாக. எங்கூட வேலை பாத்த ராமசுப்பு உள்ளயே போயிட்டான். ஒடம்பு கெடைக்கல.”

“கொரலு கேட்டுச்சுண்ணே. ‘சேந்து தள்ளு, விட்டுட்டுப் போயிராத’ன்னு...”

அவர் முகம் செத்துப்போயிற்று.

“அன்னைக்கு அந்தக் கதவை ரெண்டு பேருதான் தள்ளுனோம். நான் மேல ஓடியாந்துட்டேன்.”