முப்பத்தைந்து டிகிரி

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் எறிபொருள் இயக்கத்துக்கென்று இருந்தது ஒரே ஒரு கருவி. சின்னத் துப்பாக்கி போல ஒரு குழாய், உள்ளே ஸ்பிரிங், பக்கவாட்டில் கோணம் பார்க்க ஒரு பாகைமானி. இரும்புக் குண்டை உள்ளே தள்ளி விசையை விட்டால் அது வளைந்து பறந்து தரையில் விழும். விழும் இடத்தில் வெள்ளைத்தாளும் அதன்மேல் கார்பன் தாளும் விரித்திருப்போம். கறுப்பாக ஒரு புள்ளி பதியும். அதுவரைக்கும் டேப் வைத்து அளக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ராமநாதபுரம் பக்கத்து உப்புக்காற்றில் ஸ்பிரிங் மாதம் ஒரு தடவை துருப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்தால் தாள் பறக்கும், மூடினால் நாங்கள் வெந்துபோவோம்.

நான் அங்கே கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி. இந்த வருஷம் வேலை உண்டா இல்லையா என்று ஒவ்வொரு ஜூனிலும் துறைத்தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முதலாண்டில் நாற்பது மாணவிகள், வாரத்துக்கு மூன்று மணி நேரம், ஒரு கருவி. ஆளுக்கு ஐந்து நிமிடம்கூடத் தேறாது. ஆகவே எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறபடிதான் எங்களிடமும் நடந்தது. போன வருஷத்து அக்கா ஒருத்தியின் ரெக்கார்டு நோட்டு கைமாறி வரும். அதிலுள்ள அளவுகளில் கடைசி எண்ணை மட்டும் முன்னே பின்னே மாற்றி எழுதிக்கொள்வார்கள். நாற்பத்தைந்து டிகிரியில் குண்டு அதிகத் தூரம் போகும் என்று அதில் இருக்கும், புத்தகத்திலும் அதுதான் இருக்கும். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன். நான் படித்தபோது என் நோட்டிலும் இப்படித்தான் போட்டார்கள்.

அந்த நாற்பது பேரில் ஒருத்தி மட்டும் பார்த்து எழுத மாட்டேன் என்றாள். பெரியபட்டினத்துப் பெண். வகுப்பு முடிந்தபிறகும் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு அளந்துகொண்டிருப்பாள். தாள் பறக்காமல் இருக்க வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகள் நாலைந்தை ஊரிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஒருநாள் என் மேசைக்கு வந்து நோட்டை நீட்டினாள்.

"மிஸ், முப்பத்தஞ்சுலதான் தூரமாப் போகுது. நாப்பத்தஞ்சுல வச்சா அரைச்சாண் கம்மியா விழுது. அஞ்சஞ்சு தடவை பாத்துட்டேன்."

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு கருவியைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. எறிகிற இடமும் விழுகிற இடமும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் நாற்பத்தைந்து. கருவியோடு மேசை உயரத்துக்கு ஒரு மரப்பெட்டியும் வந்திருந்தது, குண்டு அதன்மேல்தான் விழ வேண்டும். அதைக் கரையான் தின்று பல வருஷமாகிறது. அன்றிலிருந்து குண்டு மேசையிலிருந்து தரைக்கு விழுகிறது. அப்படி விழுந்தால் அதிகத் தூரம் போகிற கோணம் குறையத்தான் செய்யும். இத்தனை வருஷத்தில் அதை ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் ஒருத்தரும் அளக்கவில்லை.

"நீ பாத்தது சரிதான். அப்படியே எழுது. காரணத்தை அடுத்த வாரம் எல்லாருக்கும் சேத்துச் சொல்றேன்" என்று அவள் நோட்டிலும் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் மாதிரித் தேர்வு வந்தது. அதற்கடுத்த வாரம் பாடம் முடியவில்லை என்று துறைத்தலைவர் நெருக்கினார். அந்த ஒரு வகுப்பை நான் எடுக்கவே இல்லை.

செய்முறைத் தேர்வு நெருங்கியது. முதலாண்டு செய்முறையில் முதலாவதாக வருகிற மாணவியைக் கோடையில் ஒரு மாதம் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்புவது எங்கள் கல்லூரி வழக்கம். அவளுக்கு அதன்மேல்தான் கண்.

"வாப்பா துபாய்லருந்து போன்ல சரின்னுட்டாங்க மிஸ். உம்மாதான் யோசிக்கிறாங்க. காலேஜ்லருந்து லெட்டர் வந்துட்டா அவங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். அவளுக்குத்தான் கிடைக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். வேறு யாருக்கும் கருவியைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாது.

தேர்வன்று சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு எறிபொருள் இயக்கமே வந்தது. சீட்டைப் பிரித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். வெளித் தேர்வாளராக வந்திருந்தவர் வேறு கல்லூரியின் மூத்த பேராசிரியர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவரைத் திட்டியாவது மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவளுடைய விடைத்தாளைப் பொறுமையாகப் பார்த்தார். வரைபடத்தில் முப்பத்தைந்தில் உச்சி. புருவத்தைச் சுருக்கி, மேசையில் அடுக்கியிருந்த ரெக்கார்டு நோட்டுகளில் அவளுடையதை எடுத்துப் பிரித்தார். அதிலும் முப்பத்தைந்து. வேறு நாலு நோட்டை எடுத்தார். நாலிலும் நாற்பத்தைந்து.

என்னை அருகில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்: "இதுலயும் உங்க கையெழுத்து, இதுலயும் உங்க கையெழுத்து. இருக்கறது ஒரே கருவி. எதும்மா சரி?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பதில் எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.

முப்பத்தைந்து என்று சொன்னால் மீதி முப்பத்தொன்பது நோட்டும் பொய். அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். முப்பத்தொன்பது பெண்களின் ரெக்கார்டு மதிப்பெண், துறையின் பெயர், ஜூன் மாதம், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எண்ணிப் பார்த்தேன். துறைத்தலைவர் வேறு பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"நாப்பத்தஞ்சுதான் சார்" என்றேன். "அந்தப் பொண்ணு ரீடிங்ல ஏதோ தப்பு இருக்கும்."

அவர் தலையாட்டிவிட்டு அவளிடம், "இன்னும் இருபது நிமிஷம் இருக்கும்மா. பதட்டப்படாம மறுபடி அளந்து திருத்திக்க" என்றார். நல்ல மனிதர் என்றேனே.

அந்த இருபது நிமிடத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவள் புர்காவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்பிரிங்கைத் துடைத்தாள். பாகைமானியைச் சரிபார்த்தாள். குண்டைப் போட்டாள், விட்டாள், தரையில் முழங்காலிட்டு அளந்தாள், எழுந்து வந்து எழுதினாள். மறுபடியும் போட்டாள். தாளை மாற்றினாள். டேப்பின் முனை தேய்ந்திருக்குமோ என்று பத்து சென்டிமீட்டரிலிருந்து அளந்து பார்த்தாள். குண்டு தவறவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அது சரியான இடத்தில்தான் விழுந்தது. விழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தேர்வு அறையில் மாணவியோடு பேசக்கூடாது என்பது விதி. எனக்கு வசதியான விதி. நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன்.

மணி அடித்ததும் தாளைக் கொண்டுவந்து வைத்தாள். எதையும் திருத்தவில்லை. கண் கலங்கியிருந்தது.

"நாப்பத்தஞ்சு வரவே மாட்டேங்குது மிஸ்" என்றாள்.

தேர்வாளர் எட்டு மதிப்பெண் குறைத்தார். சென்னைக்கு வேறொரு பெண் போனாள்.

அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மரப்பெட்டி, கரையான், உயர வித்தியாசம் எல்லாவற்றையும் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். எடுக்காமல் விட்ட வகுப்பை ஒருத்திக்காக எடுத்தேன். "நீ எங்கனயும் தப்பு பண்ணலம்மா" என்றேன்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப சார்ட்ட ஏன் மிஸ் அப்படிச் சொன்னீங்க?"

"மத்தவங்க நோட்டெல்லாம்..." என்று ஆரம்பித்தேன். டஸ்டரை எடுத்துப் படத்தை அழித்தேன். அவள் "சரி மிஸ்" என்று பையை எடுத்துக்கொண்டு போனாள். கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாம் ஆண்டில் கூட்டு ஊசல் சோதனை. ஊசலைத் தொங்கவிடும் கத்திமுனை உடைந்துபோனதால், அந்த மாதம் முழுக்க அதை பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். சாவி என்னிடம்தான் இருந்தது. எல்லாரும் வழக்கம்போல எழுதிக் கொண்டுவந்தார்கள், நானும் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன். வரிசையில் அவளும் வந்தாள். நோட்டைப் பிரித்தேன். அழகான கையெழுத்து, அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை, புவியீர்ப்பு முடுக்கம் சொல்லி வைத்தாற்போல ஒன்பது புள்ளி எட்டு.

பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்தேன். எங்கே செய்தாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

"சரியா வந்திருக்கா மிஸ்?" என்று கேட்டாள்.

"வந்திருக்கும்மா" என்று கையெழுத்துப் போட்டேன்.