ஆறு கலைமான்கள்

எனக்கு அப்போது பத்து வயது, மான் பைத்தியம். நூலகத்தில் இருந்த மான் புத்தகங்களைக் கரைத்துக் குடித்திருந்தேன். ஞாயிறுகளில் அம்மாவின் தம்பி, என் மாமா, இரண்டு பஸ் மாறி, மான்கள் திரியும் ரிச்மண்ட் பார்க்குக்கு என்னைக் கூட்டிப்போவார். பெற்றோல் ஷெட்டில் இரண்டு ஷிப்ட் நின்ற களைப்பு முகத்தில் தெரியும். ஆனாலும் வரேலாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பெண்மான்களும் கன்றுகளும் ஒரு கூட்டம். இளம் கலைமான்கள் ஒதுங்கி, தங்களுக்குள் கொம்பு முட்டித் திரியும். ஸ்ட்ரெதமில் எட்டுப் பெடியளோடு ஒரே வீட்டில் இருந்த மாமாவுக்கு அதைக் கண்டால் சிரிப்பு. "எங்கட வீடு மாதிரித்தான். இதுகளுக்குச் சமைக்கிற சண்டை இல்லை," என்பார்.

அந்த இளம் கலைமான்கள் ஒன்பது. மாசியில், பார்க்காரர் மான்களைச் சுட்டுத் தொகையைக் குறைக்கிற கிழமைகளில் நாங்கள் போகவில்லை. பிறகு போய் எண்ணினேன். ஆறு.

எனக்குக் கவலையைவிட உற்சாகம்தான். படித்ததை ஒப்புவித்தேன். புல் எல்லாவற்றுக்கும் காணாது, ஆண்கள் கூடினால் இளசுகளில் சிலதை எடுப்பார்கள், மிச்சம் நன்றாக வளரும்.

"எதை எடுக்கிறதெண்டு ஆர் சொல்லுறது?"

"அதுக்கெண்டு ஆக்கள் இருக்கினம், மாமா. பாத்த உடனே சொல்லுவினம்."

முன்பு கிட்டப் போனாலும் அசையாத அந்த ஆறும், இப்போது இரண்டு வாய் மேய்வதும் தலையைத் தூக்கிப் பார்ப்பதுமாக, உடம்போடு உடம்பு ஒட்டி நின்றன. எங்களைக் கண்டதும் காய்ந்த புதருக்குள் போய்விட்டன. மற்ற மூன்றையும் தேடுகின்றனவோ என்று மாமா கேட்டார். மான்கள் அப்படித் தேடாது என்றேன். புத்தகத்தில் இருந்ததா, நானாகச் சொன்னேனா, தெரியாது.

மற்றப் பக்கத்தையும் ஒருக்கால் பார்ப்போம் என்று குளத்தைச் சுற்றி நடத்தினார். என் காலுறை நனைந்து விரல்கள் விறைத்தன. இவ்வளவு விளக்கியும் இவருக்கு விளங்கவில்லையே என்று எரிச்சல்.

"செத்ததைத் தேடி என்ன மாமா செய்யிறது?"

"செத்ததெண்டு நீ கண்டனியே?" என்றார், மெதுவாக.

பல வருடம் கழித்துத்தான் அம்மா சொன்னா. மாமா இங்கே வருமுன், ஊரில் ஆமி பெடியளை வரிசையாக, முகம் மூடிய ஒருவனுக்கு முன்னால் நடத்தியிருக்கிறது. மாமாவோடு படித்த மூன்று பேருக்கு அவன் தலையாட்டினான். அடுத்து வந்த மாமாவுக்கு ஆட்டவில்லை. ஆமி கொண்டுபோன அந்த மூவரைப் பற்றி இன்றுவரை ஒரு சேதியும் இல்லை.

அன்று பார்க் பூட்டும்வரை நடந்தோம். கேற்றடியில் மாமா திரும்பி, இருட்டத் தொடங்கிய புல்வெளியைப் பார்த்தபடி நின்றார். பஸ் போய்விடும் என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தேன்.