பன்னிரண்டாம் இலக்கம் இல்லாத தட்டு

வீடியோக் கடையில் வேலை செய்தவர்களுக்கு ஒன்று தெரியும்: படம் பார்க்க நூறு பேர் வருவார்கள், பார்த்த கசெற்றைத் திருப்பிச் சுற்றிக் கொண்டுவருகிறவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். அந்த ஒருவருக்குப் பதிலாகத்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோ பார்க்டேலில் ஒரு தமிழ் வீடியோக் கடையின் பின்பக்கத்தில், கசெற் போட்டு ஓட்டும் இரண்டு டெக்குகளுக்கு நடுவே என் கதிரை. படித்தது எட்டாம் வகுப்பு. ஆங்கிலத்தில் எனக்குப் பயமில்லாதவை இலக்கங்கள் மட்டும்தான். ஆட்களோடு கதைக்கக் கூச்சம். நீங்களும் ஏதாவது ஒரு கடையின் பின்பக்கத்தில் குந்தியிருந்து காலம் தள்ளியவர் என்றால், கீழே உள்ளவை உங்களுக்குப் புதிதாக இரா.

கீழ்த்தட்டு

முதலாளி சிவத்துக்கு என் பிள்ளையின் வயதுதான். ஒரு வெள்ளைக்காரரிடம் இருந்து கடையை வாங்கியபோது, அவர் விட்டுப்போன, சிரிக்கவைக்கிற பிரித்தானியப் பகிடிப் படங்கள் கீழ்த்தட்டில் அப்படியே கிடந்தன. யாரும் தொடுவதில்லை. தூசு தட்டும்போதுதான் கவனித்தேன், எல்லாப் பெட்டியிலும் திரும்பத் திரும்ப அதே முகங்கள். பின்பக்கத்தில் வருஷம் இருந்தது. வருஷப்படி அடுக்கினேன். ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கி, எழுபதுகளின் கடைசிவரை வருஷத்துக்கு ஒன்று, சில வருஷம் இரண்டு. பிறகு பதினான்கு வருஷம் ஒன்றுமில்லை. பிறகு தொண்ணூற்றிரண்டில் ஒன்றே ஒன்று. எல்லாமாக முப்பது கசெற். கனடாவுக்கு வந்து நான் என் எண்ணத்துக்கு ஒழுங்குபடுத்திய முதல் சாமான் அதுதான்.

அடுத்த கிழமையே சிவம் சொன்னார், தீபாவளிக்குப் புதுத் தமிழ்ப்படங்கள் வருகின்றன, அந்தத் தட்டைக் காலிபண்ணி எல்லாவற்றையும் குப்பையில் போடப்போகிறேன் என்று. நான் எழும்பிப்போய், போடவேண்டாம் தம்பி என்றேன். அவரிடம் நான் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் என்னை வடிவாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சரி அன்ரி, தீபாவளிக்கு முதல் உந்தத் தொடர் முழுக்க ஒவ்வொண்டும் ஒருக்கால் எண்டாலும் வெளியில போகட்டும், தட்டு உங்கட. ஆனா நடவாது, இப்பவே பெரிய பையாப் பாத்து வையுங்கோ."

ஹரோல்ட் ஐயாவின் விரல்கள்

தீபாவளிக்கு ஏழு கிழமை இருந்தது. அந்தத் தட்டுக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் ஹரோல்ட் என்ற கிழவர். இங்கிலாந்தில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். அந்தப் படங்களை வந்த காலத்திலேயே தியேட்டரில் பார்த்தவர். வருவார், தட்டைப் பார்த்துச் சிரிப்பார், ஒன்றும் எடுக்காமல் போவார். அவரிடம் டெக் இல்லை.

நான் வருஷப்படி அடுக்கியிருந்ததைக் கண்டதும் அவர் கீழே குந்திவிட்டார். ஒவ்வொன்றாகத் தொட்டு, விரல் மடித்து எண்ணிக்கொண்டு போனார். பதினொன்றில் நின்றார். பதினொன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் விரலை நுழைத்துத் தலையை ஆட்டினார். நான் முப்பது என்று எழுதிக் காட்டினேன். அவர் அதை வெட்டி முப்பத்தொன்று என்று எழுதினார். பன்னிரண்டாவது இல்லை. அது ஒரு பேய்ப்படப் பகிடி என்று கையால் பேயாக நடித்தும் காட்டினார். அன்றைக்கே வெள்ளை ஒட்டுத்தாளில் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை இலக்கம் எழுதி ஒட்டினேன். பன்னிரண்டுக்கு இரண்டு விரல் அகலத்தில் இடம் விட்டேன். அடுத்தமுறை ஹரோல்ட் அதைப் பார்த்து நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னது எனக்கே விளங்கியது: "நான் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தேன் மேடம், நீங்கள்தான் எண்ணியிருக்கிறீர்கள்."

ஒரே கதை என்று நினைத்தவர்

எங்கள் ஆட்கள் அப்போது தொலைக்காட்சித் தொடர்களைப் பாகம் பாகமாகக் கசெற்றில் எடுத்துப் பார்க்கிற காலம். இலக்கம் போட்ட கசெற் என்றால் அது தொடர்கதை. ஒன்றில் தொடங்கவேண்டும், இடையில் விடக்கூடாது. டாக்சி ஓடும் மணியம் இலக்கங்களைக் கண்டதும் ஒன்று, இரண்டு, மூன்றை ஒன்றாக அள்ளிக்கொண்டு போனார். நானும் விளக்கவில்லை. வாய் திறக்கக் கூச்சம் என்றுதான் அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வந்து கவுண்டரில் அடித்தார். "என்ன அக்கா உது? ஒண்டில பட்டாளத்தில நிண்டவங்கள், ரெண்டில ஆஸ்பத்திரியில கிடக்கிறாங்கள். ஆர் சுட்டது? மூண்டில பாத்தா பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறாங்கள்!" சண்டைக்கு வந்தவர் நான்கையும் ஐந்தையும் எடுத்துக்கொண்டு போனார். நான்கில் பொலிஸ். ஐந்தில் அதே ஆட்கள் ஒரு ஏஜென்சிக்குப் போய், அனுப்புகிற இடத்துக்கெல்லாம் கண்ட கண்ட வேலைக்குப் போகிறார்கள். ஆறில் கப்பல். ஏழில் டாக்சி. ஏழைத் திருப்பித் தந்தபோது மணியம் சாதுவாகிவிட்டார். "இப்ப விளங்குது அக்கா. உவங்களும் எங்களை மாதிரித்தான், ஒரு இடத்தில வேலை நிலைக்குதில்லை."

நிறம் போன கசெற்

மணியம் தன் மாடிக்கட்டடம் முழுக்கக் கதையைப் பரப்பிவிட்டார். பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஆங்கிலம் தெரியவேண்டிய அவசியமே இல்லையாம், விழுகிறவன் எந்தப் பாஷையிலும் விழத்தானே செய்கிறான். ஆனால் ஒரு முறைப்பாடு. ஆறாம் படம் நல்ல நிறம், ஏழாம் படம் கறுப்பு வெள்ளை. பழுதான கசெற்றைத் தந்து ஏமாற்றுகிறீர்களா என்று மணியத்தின் மனைவி கேட்டார்.

எனக்கு இது மனப்பாடம். முதல் ஐந்தும் கறுப்பு வெள்ளை, ஆறு நிறம், ஏழு திரும்பக் கறுப்பு வெள்ளை, எட்டு நிறம், ஒன்பது கறுப்பு வெள்ளை, பத்தில் இருந்து முடிவுமட்டும் நிறம்தான் என்றேன். கடையில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. அவர் கசெற்றைத் திரும்பக் கையில் எடுத்தார். "அப்ப அவையளுக்கும் இடைக்கிடை காசுக்குக் கை இறுகியிருக்கு, பாவங்கள்."

இரண்டு விரல் இடைவெளி

பதினொன்றோடு எல்லாம் நின்றது. பன்னிரண்டைப் பார்க்காமல் பதின்மூன்றைத் தொடமாட்டோம் என்று கட்டடமே சொல்லிவிட்டது. வேறு வேறு கதை என்று இப்போது நான் விளக்கியும் ஒருவரும் நம்பவில்லை. இலக்கம் போட்டவளே நான்தானே! தீபாவளிக்கு மூன்று கிழமை. தொடக்கூட ஆளில்லாமல் பத்தொன்பது படம் நின்றது. சிவம் பெரிய கறுப்புப் பையைக் கொண்டுவந்து தட்டின்மேல் வைத்தார்.

லண்டனில் இருக்கும் மச்சாளுக்கு ரெலிபோன் எடுத்தேன். பதினைந்து வருஷத்தில் அவளிடம் நான் கேட்ட முதல் உதவி. அவள் கடை கடையாக ஏறிப் பன்னிரண்டாம் படத்தை வாங்கி, ஒரு சேலைக்குள் சுற்றி அனுப்பினாள். டெக்கில் போட்டேன். கோடு கோடாக ஓடியது, சத்தம் மட்டும் வந்தது. பிரித்தானியக் கசெற் கனடா டெக்கில் ஓடாது என்பதை, லண்டன் கலியாணக் கசெற் வந்த எல்லா வீட்டிலும் அறிந்திருந்தார்கள். மற்றவர்களுக்கு அதை எத்தனை தரம் சொல்லியிருப்பேன். இப்போது நானே மறந்துபோனேன். மச்சாள் ரெலிபோனில் கேட்டாள்: "ஏனப்பா, சேலை எண்டாலும் சரியா இருந்துதோ?"

கலியாணத்துக்கு முன்னால் பேய்

கலியாணக் கசெற்றுகளை இந்த நாட்டு முறைக்கு மாற்றுகிற மெஷின் சிவத்தின் அறையில் இருந்தது. அதில் எட்டுக் கலியாணம் வரிசையில் நின்றது. தீபாவளிக்கு ஐந்து நாள். கையில் கசெற்றோடு வாசலில் போய் நின்றேன். சிவம் என் முகத்தைப் பார்த்தார், கசெற்றைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு ஒரு மாப்பிள்ளை பொம்பிளையை நிறுத்திவிட்டு என் பேயைப் போட்டார்.

படம் ஓடுகிற நேரம் முழுக்க மெஷின் பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும். கதவு சாத்தியிருந்தது. முதலில் ஒரு செருமல் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு. பிறகு கதிரை பின்னால் சரிகிற சத்தம். ஒன்றரை மணித்தியாலம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த முதலாளி தட்டுக்கு முன்னால் குந்தினார். "அன்ரி, பதின்மூண்டை ஆரும் எடுத்திட்டினமோ?"

முப்பத்தொன்று

அதன்பிறகு மதகு திறந்த மாதிரி. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நேரே கைமாற்றக்கூடாது, ஒவ்வொன்றும் கடைக்கு வந்து என் கையால் சுற்றுப்பட்டுத்தான் மற்றவருக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டேன். சொன்னேன் என்ன, கவுண்டருக்கு முன்னால் வந்து நின்று உத்தரவே போட்டேன். முதல் நாள் நான்கு. இரண்டாம் நாள் ஐந்து. மூன்றாம் நாள் ஆறு. நான்காம் நாள் நான்கு. தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் முப்பத்தொன்று மட்டும் நின்றது. மணியம் டாக்சியை ரோட்டோரம் விட்டுவிட்டு ஓடிவந்து எடுத்தார். சிவம் கறுப்புப் பையை மடித்து வைத்துவிட்டு, புதுத் தமிழ்ப்படங்களைக் கண்ணாடி ஜன்னலில் அடுக்கினார். ஹரோல்ட் கைதட்டினார். நான் பின்பக்கம் போய், யாரும் காணாமல், நானும் தட்டினேன்.

தீபாவளியன்று மணியம் புதுச்சேட்டோடு வந்தார். முப்பத்தொன்றைத் திருப்பிச் சுற்றியே கொண்டுவந்திருந்தார். முகம் மட்டும் வாடியிருந்தது. பழைய ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அதில் இல்லையாம். பதினான்கு வருஷத்தில் யார் யார் எங்கே போனார்களோ என்றார். பிறகு முப்பத்தொன்றுக்கு அப்பால் இருந்த வெறும் பலகையைத் தட்டினார். "சரி அக்கா, முப்பத்திரண்டுக்கு இடம் விட்டு வையுங்கோ, உவங்கள் சும்மா இருக்கமாட்டாங்கள்."

ஆகவே கடைக்கார உறவுகளே, ஒரு சாமான் விலைப்படவில்லை என்றால் அதைப் புகழ்ந்து தொண்டையைக் காயவிடாதீர்கள், ஒன்றிலிருந்து இலக்கம் போட்டு நடுவில் ஒன்றைத் தொலைத்துவிடுங்கள், மிச்சத்தைச் சனமே பார்த்துக்கொள்ளும்.