ராகு காலத்தில் விழாத முத்திரை

என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை இல்லை. மலேசியாவை விட்டு நான் வெளியே போனேன் என்று சொல்லும் முத்திரை. அது விழாததற்கு மாப்பிள்ளைதான் காரணம் என்று என் மகள் நம்பினாள். மாப்பிள்ளையும் அப்படித்தான் நம்பினார். காரணம் நான்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை, என் பெயரை நானே எழுதுவேன். குடவாசல் பக்கம் ஐந்து மா அளவு நஞ்சை நிலம் இருக்கிறது. வீட்டுக்காரர் போன பிறகும் நான் வரப்பில் நிற்காமல் அங்கே அறுப்பு நடந்ததில்லை. ஒரே மகள் மலேசியாவில் ஜொகூரில் குடியிருக்கிறாள். அத்தை தனியாக இருக்க வேண்டாம் என்று, அவர்களோடு தங்க எனக்கு விசா எடுத்துக் கொடுத்தவர் மாப்பிள்ளை. இரண்டு வருஷம் அங்கே இருந்தேன்.

மார்கழிக் கடைசியில் சம்பா அறுவடைக்காக ஊருக்குக் கிளம்பினேன். மகளுக்கு அப்போது ஆறு மாதம். பிரசவத்துக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். திருச்சிக்கு விமானம் சிங்கப்பூரிலிருந்து. காரில் பாலம் தாண்டிப் போகவேண்டும். பாலத்துக்கு இந்தப் பக்கம் மலேசியா வாசல், அந்தப் பக்கம் சிங்கப்பூர் வாசல்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நாலரையிலிருந்து ஆறு ராகு காலம். சீக்கிரம் கிளம்பச் சொல்லியும் நேரமாகிவிட்டது. மலேசியா வாசலை நெருங்கும்போது மணி ஐந்து.

"மாப்பிள்ளை, ஆறு மணிக்கு மேல இதைத் தாண்டினா ஆகாதா?"

"பின்னாடி நிக்கிறவன் அடிக்க வருவான் அத்தை. அது சரி, ராகு காலம் நம்ம ஊரு மணிக்கா, இந்த ஊரு மணிக்கா? அங்க இப்ப ரெண்டரைதானே?"

"சும்மா இருங்க, அம்மா கோச்சுக்கப் போகுது" என்றாள் மகள், அவளும் சிரித்துக்கொண்டே.

எனக்குச் சுருக்கென்றது. பாஸ்போர்ட் இருந்த பை பின்சீட்டில் என் மடியில் இருந்தது. அவர் திரும்பாமலே கையை நீட்டி, "எடுங்க அத்தை" என்றார். அவர்கள் இருவருடையதை மட்டும் கொடுத்தேன். என்னுடையதைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டேன். இரண்டு வாசல் இருக்கிறதே, ஒன்றில் முத்திரை குத்தினால் போதாதா, அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆறு தாண்டிவிடும், அறுவடைக்குப் போகிற காரியம் நல்ல நேரத்தில் ஆகட்டும் என்று நினைத்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. நான் கறுப்புக் கண்ணாடி ஓரம் சாய்ந்து, தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்குகிறவள் மாதிரி இருந்தேன். இரண்டும் திரும்பி வந்தன. கார் நகர்ந்தது.

"எல்லாம் வந்துருச்சா அத்தை?"

"வந்துருச்சு."

பாலத்தில் ஒரே நெரிசல். மறுகரை வாசலில் மணி ஆறேகால். மூன்றையும் எடுத்துக் கொடுத்தேன், ஒரு தடங்கலும் இல்லை. மாப்பிள்ளையின் சிரிப்புக்குப் பதில் சொல்லிவிட்டதாக விமானத்தில் எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

அறுவடை குறையில்லாமல் முடிந்தது. மாசிக் கடைசியில் சுக்கு, திப்பிலி, பெருங்காயம் என்று பிள்ளை பெறுகிறவளுக்கு வேண்டியதெல்லாம் கட்டிக்கொண்டு கோலாலம்பூரில் போய் இறங்கினேன். விசா இதற்குள் முடிந்திருந்தது. வந்த பிறகு புதுசு எடுக்கலாம் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். அங்கே இருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு தமிழ் பேசும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்.

"அம்மா, நீங்க வந்த சாப் இருக்கு, போன சாப் இல்லையே" என்றாள் அவள். அங்கே முத்திரையைச் சாப் என்கிறார்கள். "இங்க பதிவுல நீங்க நாட்டை விட்டுப் போகவே இல்ல. விசா முடிஞ்சும் இங்கயே தங்கிட்டீங்கன்னு காட்டுது."

"ஊருக்குப் போயி அறுப்பு அறுத்துட்டு வர்றேன்மா நான்."

"அது உங்களுக்குத் தெரியும். சாப்புக்குத் தெரியலையே."

வெளியே காத்திருந்த மாப்பிள்ளையிடம் போனில் பேசினாள். வைத்துவிட்டு, "தன் தப்புங்கிறாருமா. எண்ணாம குடுத்துட்டாராம்" என்றாள்.

உண்மை நாக்கு வரை வந்தது. ராகு காலம் என்று ஒளித்து வைத்தேன் என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டேன். அன்று மத்தியானமே திருப்பி அனுப்பினார்கள். சுக்கு மூட்டையும் என்னோடு திரும்பி வந்தது.

சித்திரையில் பேரன் பிறந்தான். நான் போனில் சொல்லச் சொல்ல, மாப்பிள்ளைதான் மிளகு ரசம் வைத்தார், குழந்தையைக் குளிப்பாட்டினார். மகள் அவரை வாய்க்கு வந்தபடி பேசுவாள். "மூணு பாஸ்போர்ட்டை எண்ணத் தெரியல இந்த மனுஷனுக்கு. பெத்த தாய் இருந்தும் நான் அனாதை மாதிரி கிடக்கிறேன்." "விடுடி, பாவம் அவரு" என்பேன் நான். நல்ல மாமியார் என்ற பெயரும் எனக்கே கிடைத்தது.

ஆடியில் மாப்பிள்ளை ஒரு கடிதம் அனுப்பினார். நான் மறுபடி அங்கே போக வேண்டுமானால், நடந்ததை எழுதி விண்ணப்பிக்க வேண்டுமாம். அவரே தமிழில் தயார் செய்திருந்தார், மலாயில் பெயர்த்துச் சேர்த்துக் கொடுப்பாராம். 'என் மருமகனின் கவனக்குறைவால்' என்று இருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம். எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தேன். அதன் கீழே என் பெயரை எழுதக் கை வரவில்லை.

போன் போட்டேன். "நான்தான் ஒளிச்சு வச்சேன் மாப்பிள்ளை."

பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"ராகு காலமா அத்தை?"

"ஆமாங்க."

மகள் போனைப் பிடுங்கினாள். "நாலு மாசமா இவரை என்ன பேச்சு பேசினேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானேம்மா இருந்தே நீ?" வைத்துவிட்டாள்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். "அந்த லெட்டரே இருக்கட்டும் அத்தை. உண்மையை எழுதினா உங்களை விடவே மாட்டாங்க."

"விடாட்டி போகட்டும். பொய்க்குக் கீழ என் பேரு வேணாங்க."

இரண்டு நாள் உட்கார்ந்து என் கையாலேயே எழுதினேன். தொடைக்கு அடியில் வைத்ததையும், 'வந்துருச்சு' என்று சொன்னதையும் விடவில்லை. பேரன் குப்புற விழுகிறானாம். அவனை எப்போது தூக்குவேனோ, தூக்குவேனா என்பதே தெரியாது. மகள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

எழுதி முடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு. கைபேசியில் படம் பிடித்து மாப்பிள்ளைக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆறு அடிக்கும் வரை கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.