வெந்நீரில் போட்ட கட்டு

தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கிளியம்மாள் வெகுகாலமாக மாவுக்கட்டு போட்டுவந்தாள். எலும்பு முறிந்து வருபவர்கள் அவளைத்தான் தேடுவார்கள். தொண்ணூற்றிரண்டில் வேதா என்ற இளம்பெண் வேலைக்கு வந்து, பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, நோயாளியின் கைமேலேயே வளைத்துக் கட்டு செய்தாள். எல்லோரும் வேதாவைக் கேட்கத் தொடங்கினார்கள். கிளியம்மாளுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள், அனகாபுத்தூர் நெசவாளி துளசிங்கம் கழற்றி வைத்திருந்த, வேதா செய்த கட்டை, கழுவுகிற சாக்கில் கிளியம்மாள் கொதிநீரில் போட்டாள். அது பழையபடி தட்டைத் தகடானது.

“பாத்தியாம்மா வேதா, உன் பிளாஸ்டிக்கு லட்சணத்த!”

“அது பழைய உருவத்த மறக்காதுக்கா. திரும்ப வளைச்சா போச்சு,” என்று சிரித்தபடி வேதா அவன் கையில் வளைத்துவிட்டாள்.

“முன்னாடி அக்கா போட்ட மாவுக்கட்டு ஒரே அரிப்பு. இது ஜோரா கீது!” என்றான் துளசிங்கம்.

விஷயத்தைக் கேள்விப்பட்ட டாக்டர், மறுநாளிலிருந்து வேதாவுக்கு வெந்நீர் வைக்கும் வேலையைக் கிளியம்மாளிடமே ஒப்படைத்தார். அவள் அதை வேண்டியதற்கு மேலேயே கொதிக்கவிட்டாள்.