காயம் இல்லை என்று சொன்னவர்

பதினான்கு வருடம் ஒரே கால்பந்து கிளப்புக்கு முன்வரிசையில் ஆடி நூற்றுப் பதினேழு கோல் போட்டவர் அவர். அதில் கடைசி நாற்பதும் வலது முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டு அடித்தவை. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் கிளப் டாக்டர் ஊசியை இறக்குவார், கால் மரத்துப்போகும், இவர் ஓடுவார். மறுநாள் கட்டிலைவிட்டு எழுந்திருக்க மனைவியின் தோள் வேண்டும்.

வெளியே மூச்சு விடவில்லை. முன்வரிசைக்காரன் நொண்டுகிறான் என்று தெரிந்தால் போதும், அடுத்த ஆட்டத்தில் அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான். ஆகவே நிருபர்கள் கேட்டபோதெல்லாம் சிரித்துக்கொண்டே ஒரே பதில்: "காயமா? எனக்கா?"

இப்போது ஐம்பத்து மூன்று வயது. மூட்டு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது. ஆட்டத்தில் பட்ட காயம் என்றால் அறுவை சிகிச்சையைக் கிளப்பே செய்துதர வேண்டும் என்பது விதி. அதைக் கேட்டுத்தான் கணவனும் மனைவியும் இரண்டாம் மாடியில் கிளப் செயலாளரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

செயலாளர் பழைய மருத்துவப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ஊசி போட்ட நாளுக்கெல்லாம் 'சத்து ஊசி' என்று எழுதியிருந்தது. எழுதிய டாக்டர் செத்து ஆறு வருடம்.

"சத்து ஊசி போட்டா கால் மரத்துப்போகுமா சார்?" என்றாள் மனைவி.

"அதெல்லாம் எனக்கு என்னம்மா தெரியும்? இதைப் பாருங்க, அண்ணனே சொல்லியிருக்காரு." பத்திரிகை நறுக்கு ஒன்றை நகர்த்தினார். படத்தில் இவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கீழே அந்தப் பதில், கொட்டை எழுத்தில்.

"அப்படிச் சொல்லலேன்னா வெளியில உட்கார வெச்சிருப்பீங்களே!"

"பொய் சொல்லுங்கன்னு யாரும் கெஞ்சலையேம்மா."

கெஞ்ச வேண்டிய அவசியமே இல்லை. உண்மையைச் சொன்னால் சோறு போய்விடும் என்று ஏற்பாடு செய்துவைத்தால் போதும். பொய் தானாக வரும். விழுந்த கோலெல்லாம் கிளப்பின் கோல், தேய்ந்த மூட்டு மட்டும் அவருடைய மூட்டு!

"மரம் மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே, வாயைத் திறங்க," என்று மனைவி இடித்தாள்.

எதைச் சொல்வது? சிரிப்பும் இவருடையது, பேச்சும் இவருடையது.

"நான்தான் சொன்னேன்," என்றார்.

செயலாளர் பதிவேட்டை மூடினார். "தப்பா நினைக்காதீங்கண்ணே. டீ சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று எழுந்தார். நேராகப் படியிறங்கினால் முழங்கால் மடிந்து ஆளைக் கவிழ்த்துவிடும். திரும்பி நின்று, கைப்பிடியைப் பற்றி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினார். அப்படி இறங்கும்போது மேலே இருந்த கிளப்பின் கதவைப் பார்த்துக்கொண்டேதான் இறங்க வேண்டியிருந்தது.

"இன்னும் பதினொண்ணு," என்றாள் கீழே நின்ற மனைவி. "பார்த்து."